யவனர் விட்டுச் சென்றவை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், புதுச்சேரிக்கு அருகிலுள்ள பண்டைய துறைமுகமான அரிக்கமேட்டைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதைப் படித்துவிட்டுக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே பண்டைய கிரேக்கரைப் பற்றிக் கேட்டிருப்பதால், இந்த முறை கேள்வி பதில் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அரியாங்குப்பம் வாசகர் ஒருவர்: அரிக்கமேடு ரோமானியர் வணிகம் செய்த இடம் என்றுதான் பள்ளியில் படித்தோம். தாங்கள் கிரேக்க வணிகர்கள் என்று எழுதியிருந்தீர்கள். சங்கப் பாடல்களில் வரும் யவனர் கிரேக்கரா, ரோமரா?

பதில்: பள்ளியில் படித்ததும் சரி, சென்ற இதழில் எழுதியதும் சரி. அரிக்கமேட்டின் கடல் வணிகம் செழித்திருந்த கி.பி. முதல் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள் யாவும் ரோமப் பேரரசின் ஆட்சியில் இருந்தன. எகிப்து கி.மு. 30-இலேயே அதன் வசமாகிவிட்டது. ஆயினும் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் விட்ட வணிக உலகம் அலெக்சாந்திரியா நகரத்தை நடுவாகக் கொண்டது, அந்நகரம் கி.மு. 331-இல் அலெக்சாந்தர் நிறுவியது. அங்கே கணக்கு எழுதுவதும் கடன் பத்திரம் எழுதுவதும் கிரேக்க மொழியில்தான் நடந்தன. ஆட்சியும் பெரும் முதலும் ரோமருடையவை, கப்பலில் பேசிய மொழி பெரும்பாலும் கிரேக்கம் என்று கொண்டால் உண்மைக்கு மிக அருகில் வந்துவிடலாம். யவனர் என்ற பெயர் முதலில் அயோனியக் கிரேக்கரைக் குறித்து, பாரசீகர் வழியாக இந்தியாவுக்கு வந்து, பின்னர் மேற்கிலிருந்து வந்த எவருக்கும் பொதுவாயிற்று.

இதற்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளும் கிரேக்கத்தில் இருப்பவையே. செங்கடல் செலவு என்று நம்மவர் குறிப்பிடும் வணிகக் கையேடு, பெயர் தெரியாத ஒரு வணிகர் கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதியது. கமரா, பொதுகே, சோபத்மா என்று மூன்று துறைமுகங்களை அவர் நம் கரையில் வரிசையாகச் சொல்கிறார். இவற்றில் பொதுகே என்பது அரிக்கமேடே என்று அறிஞர் பெரும்பாலோர் ஏற்கின்றனர். சோபத்மா மரக்காணம் என்பாரும் உண்டு. இந்தப் பகுதியில் என்னை மிகவும் கவர்வது துறைமுகங்களின் பெயர்களைக் காட்டிலும் அங்கு நின்ற கலங்களைப் பற்றி அவர் தரும் செய்திதான். கரையோரமாக ஓடும் உள்ளூர்க் கலங்களும், மரங்களைக் குடைந்து ஒன்றோடொன்று பிணைத்த பெரிய கலங்களும், கங்கை முகத்துக்கும் கீழ்க்கடல் நாடுகளுக்கும் செல்லும் மிகப் பெரிய கப்பல்களும் அங்கே இருந்தன என்கிறார். வந்தவர்களுக்காகக் காத்திருந்த கரையாக நம் கரையை எண்ணிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இங்கிருந்தவர்களுக்கும் பெருங்கப்பல்கள் இருந்தன என்பதற்கு வெளிநாட்டு வணிகர் ஒருவரே சாட்சி.

இரண்டாவது சான்று, சேர நாட்டுத் துறைமுகமான முசிறியின் வணிகத்தைப் பற்றி, பாப்பிரசு என்ற நாணல் தாளில் எழுதிய சுவடி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இது இப்போது வியன்னாவில் உள்ளது. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மப்பொலோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு. கங்கைக் கரையிலிருந்து வந்த சடாமாஞ்சி என்ற நறுமண வேர், யானைத் தந்தம், துணி என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில், கோவில் ஒன்றின் தரையில் புதைந்திருந்த இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்திருக்கிறது. 'யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்ற அகநானூற்று அடிகளுக்கு இதைவிடச் சிறந்த உரை வேண்டியதில்லை.

அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்தார். பின்னர் 1947 முதல் 1950 வரை ழான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழ்ந்தனர். இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுக் கலங்களைக் கொண்டு வீலர் அவ்விடத்தின் காலத்தைக் கணித்தார். வெளிநாட்டுக் கலம் என்று அக்காலத்தில் கருதப்பட்ட, உட்புறம் உருளைப் பல்வரி பதித்த மெல்லிய கலங்கள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்று பின்னர் தெளிவாயிற்று. யவனர் வருவதற்கு முன்பே அங்கு ஊர் இருந்தது. அவர்கள் வரவு குறைந்த பின்னும் இருந்தது. ஆகவே அரிக்கமேட்டை யவனர் குடியேற்றம் என்று சொல்லாமல், யவனர் வந்துபோன தமிழர் துறைமுகம் என்று சொல்வதே முறை. அங்குக் கிடைத்த பொருட்கள் பலவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். மேட்டுக்குப் பக்கத்திலேயே வசிக்கும் தாங்கள், அங்குள்ள மதுச்சாடித் துண்டுகளின் முன் நின்று பாருங்கள்.

கடலூர் முதுநகர் வாசகர் ஒருவர்: அலெக்சாந்தர் தமிழகம் வரை வந்தாரா?

பதில்: வரவில்லை. கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் மன்னரை வென்ற அவர், பியாஸ் ஆற்றை அடைந்தபோது படைவீரர்கள் மேலும் செல்ல மறுத்ததால் திரும்பினார், கி.மு. 323-இல் பாபிலோனில் இறந்தார். அவருக்குப் பின் சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் பாண்டிய நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதை எழுதியிருக்கிறார். கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளீசின் மகள் அங்கு ஆண்டதாக அவர் சொல்லும் கதையைப் படிப்பவர்களுக்கு மதுரை மீனாட்சியின் நினைவு வருவது இயல்பு. அந்த நினைவை வரலாறாக ஆக்கிவிடக் கூடாது.

முத்தியால்பேட்டை கல்லூரி மாணவி ஒருவர்: பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கில்லாத ஏதென்ஸ் நகர ஆட்சியை மக்களாட்சியின் தாய் என்று புகழ்வது தகுமா? நம் உத்திரமேரூர்க் குடவோலை முறையோடு அதை ஒப்பிட முடியுமா?

பதில்: கேள்வியின் முதற்பாதியில் இருக்கும் கோபம் நியாயமானது. குடியுரிமை பெற்ற ஆண்கள் ஏறத்தாழ 30,000 பேர் இருந்த நகரத்தில், பெண்களும் அடிமைகளும் அங்கேயே வாழ்ந்து தொழில் செய்த வெளியூராரும் மன்றத்தில் நுழைய முடியாது. பெற்றோர் இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால் மட்டுமே ஒருவருக்குக் குடியுரிமை உண்டு என்று கி.மு. 451-இல் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டம் வாசலை இன்னும் குறுக்கியது. லாரியன் வெள்ளிச் சுரங்கங்களில் அடிமைகள் மாண்டு எடுத்த வெள்ளியில்தான், கி.மு. 480-இல் சலாமிஸ் நீரிணையில் பாரசீகரை வென்ற கப்பற்படை கட்டப்பட்டது.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டே அந்த ஆட்சியின் அமைப்பைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் வாசலுக்கு உள்ளே நிகழ்ந்தது அதுவரை உலகம் அதிகம் கண்டிராதது. கி.மு. 508-ஐ ஒட்டி கிளைஸ்தனிஸ், குடிகளைக் குலத்தின்படி பிரிக்காமல் வாழும் ஊரின்படி பத்துப் பிரிவுகளாகப் பிரித்தார். பிரிவுக்கு ஐம்பது பேராக ஐந்நூறு பேர் கொண்ட அவை சீட்டு மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த அவை முன்வைத்த தீர்மானங்களைப் பினிக்ஸ் குன்றில் கூடிய பொது மன்றம் விவாதித்து, கைதூக்கி முடிவு செய்தது. செருப்புத் தைப்பவரும் படகு வலிப்பவரும் அங்கே எழுந்து பேசலாம். பதவிக் காலம் முடிந்தவர்கள் கணக்கு ஒப்படைத்தே தீர வேண்டும். படைத்தலைவர்களை மட்டும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றப் பதவிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சீட்டுதான். சீட்டே மக்களாட்சிக்கு உரியது, வாக்கெடுப்பு செல்வர் சிலரின் ஆட்சிக்கு உரியது என்று அரிஸ்டாட்டில் எழுதியது இன்றைய தேர்தல்களைப் பார்த்துப் பழகிய நமக்கு வியப்பாக இருக்கும்.

இந்த இடத்தில் உத்திரமேரூர் உண்மையாகவே பொருத்தமான ஒப்பீடு. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறித்த கல்வெட்டுகளின்படி, ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இதை வாக்குச் சீட்டு என்று மேடைகளில் சொல்கிறார்கள். கல்வெட்டு சொல்வது வாக்கெடுப்பை அன்று, குலுக்கலை. ஏதென்ஸ் செய்ததும் அதுவே. பதவியில் இருந்தவர்களிடம் கணக்குக் கேட்டதிலும் இரண்டு ஊர்களும் ஒன்றுபடுகின்றன; உத்திரமேரூர் கணக்குக் காட்டாதவர்களோடு அவர்களுடைய உறவினர்களையும் விலக்கியது. அங்கும் வாசல் குறுகியதுதான். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் கொண்ட, முப்பத்தைந்து வயது முதல் எழுபது வயது வரையிலான ஆண்களுக்கே இடம். அது ஒரு பிரம்மதேயத்தின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த ஊரின், சபை. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று கற்றுக்கொண்டதற்குச் சான்று இல்லை. அதிகாரத்தை ஒருவர் கையில் நிலைத்துவிடாமல் தடுக்க எண்ணிய இரண்டு சமூகங்கள் தனித்தனியே குலுக்கலை வந்தடைந்தன என்பதே எனக்குப் பெருமிதம் தருகிறது.

அரிக்கமேட்டுப் பானையோடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். ஏதென்ஸிலும் உடைந்த பானையோடுதான் எளியவர்களின் எழுதுபொருள். நகரத்துக்கு ஆபத்தானவர் என்று தோன்றும் ஒருவரின் பெயரை ஓட்டில் கீறிப் போடுவார்கள். குறைந்தது ஆறாயிரம் ஓடுகள் சேர்ந்தால், அதிகப் பெயர் விழுந்தவர் பத்து ஆண்டுகள் ஊரை விட்டு வெளியேற வேண்டும். சொத்து அவரிடமே இருக்கும். இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவற்றில், ஒரு கிணற்றில் கிடைத்த சுமார் 190 ஓடுகளில் தெமிஸ்டோக்ளீஸ் என்ற ஒரே பெயர், வெகு சிலருடைய கையெழுத்தில் இருக்கிறது. சலாமிஸ் வெற்றிக்குக் காரணமானவரை ஊரை விட்டுத் துரத்த யாரோ முன்கூட்டியே எழுதி வைத்து, வருவோர்க்கு வழங்கத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

இந்த ஆட்சியின் பெருமையையும் கொடுமையையும் ஒரே நிகழ்ச்சியில் அறிய விரும்பினால் கி.மு. 427-இல் நடந்ததைப் படியுங்கள். தங்களை எதிர்த்துக் கலகம் செய்த மித்திலீன் நகரத்தின் ஆண்கள் அனைவரையும் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்க வேண்டும் என்று ஏதென்ஸ் மன்றம் சினத்தில் தீர்மானித்து, ஆணையுடன் ஒரு கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் காலையில் மக்களுக்கு மனம் உறுத்தியது. மன்றம் மீண்டும் கூடியது. கிளியோன் தண்டனை நிறைவேற வேண்டும் என்று வாதிட்டார்; தியோதோட்டஸ் வேண்டாம் என்று வாதிட்டார். மிகச் சிறிய வேறுபாட்டில் ஆணை திரும்பப் பெறப்பட்டு, இரண்டாவது கப்பல் புறப்பட்டது. மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பு வலித்தபடியே தின்று, முறை வைத்து உறங்கி, அதன் மாலுமிகள் விரைந்தார்கள். முதற் கப்பல் தான் சுமந்து சென்ற ஆணையை விரும்பாமல் மெதுவாகவே சென்றிருந்தது. படைத்தலைவர் ஆணையைப் படித்து முடித்து, நிறைவேற்றத் தொடங்கும் நேரத்தில் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது. நகரம் பிழைத்தது. ஆயினும் கலகத்தின் தலைவர்கள் என்று பிடிக்கப்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் மெலோஸ் தீவுக்கு இதே தண்டனையை விதித்தபோது இரண்டாவது கப்பல் ஏதும் புறப்படவில்லை. இவ்விரண்டையும் மறைக்காமல் எழுதி வைத்தவர் துசிடிடீஸ். அவர் ஏதென்ஸ்காரர், அதன் படைத்தலைவர்களுள் ஒருவராக இருந்தவர். தன் ஊரின் பழியைத் தானே பதிவு செய்யும் அந்த வழக்கத்தைத்தான் நான் கிரேக்கரின் பெருங்கொடையாக மதிக்கிறேன். ஏதென்ஸ் விலக்கி வைத்தவர்களைப் பற்றி இன்று தாங்கள் கோபப்படுவதற்கு வேண்டிய செய்திகளும் அவர்கள் எழுத்திலிருந்தே வருகின்றன.

நெல்லிக்குப்பம் பள்ளி ஆசிரியர் ஒருவர்: எரட்டோஸ்தனிஸ் ஒரு குச்சியின் நிழலைக் கொண்டு பூமியை அளந்தார் என்று பாடத்தில் வருகிறது. மாணவர்களுக்கு நம் ஊரிலேயே இதைச் செய்து காட்ட இயலுமா?

பதில்: மிக நன்றாக இயலும்; நம் கரை அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. எரட்டோஸ்தனிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் நூலகத் தலைவராக இருந்தவர். ஆண்டின் மிக நீண்ட பகல் நாளில், நண்பகலில், எகிப்தின் தெற்கே சயீன் என்ற ஊரில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதை அவர் அறிந்திருந்தார். அதே நேரத்தில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்தச் சாய்வு ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை. இரு ஊர்களுக்கும் இடைத் தொலைவு, கிரேக்க நீள அளவையில், 5,000 ஸ்டேடியம் என்று கொண்டு, ஐம்பதால் பெருக்கி 2,50,000 ஸ்டேடியம் என்று விடை சொன்னார். ஸ்டேடியத்தின் நீளம் எவ்வளவு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. வழக்கமாகச் சொல்லப்படும் எந்த அளவைக் கொண்டாலும், உண்மையான சுற்றளவாகிய சுமார் 40,000 கிலோமீட்டரிலிருந்து அவர் விடை ஆறில் ஒரு பங்குக்கு மேல் விலகுவதில்லை. சயீன் அலெக்சாந்திரியாவுக்கு நேர் தெற்கில் இல்லை, சூரியன் சரியாக உச்சிக்கு வரும் கோட்டிலும் இல்லை என்ற பிழைகளையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். முறை சரியாக இருந்தால் சிறு பிழைகளைத் தாங்கிக்கொண்டும் அது உண்மையின் அருகே கொண்டுபோய் விடும் என்பதை அப்போது அவர்கள் உணர்வார்கள்.

நமக்கு எகிப்து தேவையில்லை. ஏப்ரல் 21-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21-ஐ ஒட்டியும் புதுச்சேரியில் நண்பகலில் செங்குத்துக் குச்சிக்கு நிழலே விழாது. கடலூரில் அது ஒரு நாள் அளவுக்கு முன்பின்னாக வரும். ஏப்ரல் மாதத்தைத் தேர்ந்துகொண்டால் வானம் தெளிவாக இருக்கும். நாகப்பட்டினம் புதுச்சேரிக்கு ஏறக்குறைய நேர் தெற்கில், சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்குள்ள பள்ளி ஒன்றோடு முன்கூட்டியே பேசி, அதே நாளில், அங்கும் நண்பகலில், ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளக்கச் சொல்லுங்கள். தெற்கு நோக்கி ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் நிழல் விழும். அதற்குரிய சாய்வு 1.17 பாகை. 360-ஐ 1.17-ஆல் வகுத்து 130-ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர் வரும். நிழல் மிகச் சிறியது என்பதால் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடை ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு மாறிவிடும். ஆகவே குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்துவதிலும், தரையை மட்டம் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். நண்பகல் என்பது கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அன்று. நிழல் மிகக் குறுகும் கணம்தான் நண்பகல். அன்று முற்பகல் பதினொன்றரை மணி முதலே குச்சியின் நுனி நிழலைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

பண்ருட்டி அருகிலிருந்து கூத்துக் கலைஞர் ஒருவர்: கிரேக்க நாடகமும் நம் தெருக்கூத்தும் ஒன்று போலவே இருக்கும் என்று ஒரு கருத்தரங்கில் கேட்டேன். ஒற்றுமை எவ்வளவு?

பதில்: தோற்றத்தில் நிறைய ஒற்றுமை உண்டு, ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஏதென்ஸில் நாடகம் தியோனிசஸ் என்ற தெய்வத்தின் திருவிழாவில் நடந்தது; தங்கள் கூத்து திரௌபதி அம்மன் திருவிழாவில் நடக்கிறது. இரண்டிலும் பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். இரண்டிலும் ஊர் முழுவதும் ஏற்கெனவே அறிந்த கதைதான். கூத்துக்கு உபயதாரர் இருப்பதுபோல் அங்கும் செல்வர் ஒருவர் குழுப் பாடகர்களின் பயிற்சிச் செலவு முழுவதையும் ஏற்க வேண்டும். அவர்கள் பகலில் ஆடினார்கள், முகமூடி அணிந்தார்கள், பரிசுக்குப் போட்டியிட்டார்கள். கூத்து விடிய விடிய நடப்பது, முகத்தில் அரிதாரம் பூசுவது. தங்கள் கட்டியக்காரன் தனி ஒருவனாக நின்று கதைக்கும் கூட்டத்துக்கும் நடுவே பேசுகிறான். அந்த வேலையைக் கிரேக்கத்தில் பன்னிரண்டு அல்லது பதினைந்து பேர் கொண்ட குழு ஆடலோடும் பாடலோடும் செய்தது; கட்டியக்காரனின் கேலி மட்டும் அதற்குக் கிடையாது.

தாங்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய நாடகம் ஒன்று உண்டு. சலாமிஸ் போர் நடந்து எட்டே ஆண்டுகளில், கி.மு. 472-இல், ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' என்ற நாடகத்தை அரங்கேற்றினார். அவரே பாரசீகரை எதிர்த்துப் போரிட்டவர். பார்த்தவர்களிலும் பலர் அந்தப் போரில் துடுப்பு வலித்தவர்கள், வீட்டை இழந்தவர்கள். அவர்கள் முன் அவர் வைத்த மேடை பகைவனின் தலைநகரம். பேசியவர் பகைவனின் தாய். அழுதவர்கள் மகனை இழந்த பாரசீக முதியோர். அந்த நாடகத்துக்கு ஏதென்ஸ் மக்கள் முதற்பரிசு தந்தார்கள். கர்ண மோட்சத்தில் கர்ணன் விழும்போது பாண்டவர் பக்கம் நிற்கும் ஊரே அழுவதைத் தாங்கள் ஆடுகளத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். கருத்தரங்குகளில் ஒற்றுமை பேசுவோர் முகமூடியையும் அரிதாரத்தையும் விட்டுவிட்டு இதைப் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.

வில்லியனூர் வாசகி ஒருவர்: கிரேக்கத்தில் நம் ஔவையாரைப் போன்ற பெண்பாற் புலவர்கள் இருந்தார்களா?

பதில்: லெஸ்போஸ் தீவில் கி.மு. 600-ஐ ஒட்டி வாழ்ந்த சாப்போ அவர்களில் தலைசிறந்தவர். யாழ் போன்ற நரம்புக் கருவியுடன் பாடுவதற்காக அவர் இயற்றிய பாடல்களில் மிகச் சிலவே முழுமையாகக் கிடைக்கின்றன. மற்றவை எகிப்தின் மணலில் கிடைத்த கிழிந்த சுவடிகளில் துணுக்குகளாக இருக்கின்றன. வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாடல்களை விரும்பிப் படிப்பவர்களுக்குச் சாப்போ அயலாராகத் தோன்ற மாட்டார். பொதுவாக ஏதென்ஸ் பெண்களின் நிலை இரங்கத்தக்கது. ஸ்பார்ட்டாவில் பெண்கள் உடற்பயிற்சி பெற்றார்கள், நிலம் வைத்திருந்தார்கள். அந்நகரத்து அரச குடும்பத்தைச் சேர்ந்த கினிஸ்கா, கி.மு. 396-இல் ஒலிம்பியாவில் தேர்ப் பந்தயத்தில் வென்றார். தேரின் உரிமையாளருக்கே பரிசு என்ற விதியால் அது இயன்றது. தேரோட்டியது வேறொருவர்.

மஞ்சக்குப்பம் செவிலியர் ஒருவர்: மருத்துவர்கள் எடுக்கும் ஹிப்போக்ரட்டீஸ் உறுதிமொழி அவரே எழுதியதா?

பதில்: உறுதியாகச் சொல்ல முடியாது. கி.மு. 460-ஐ ஒட்டிக் கோஸ் தீவில் பிறந்த ஹிப்போக்ரட்டீசின் பெயரில் அறுபது நூல்கள் அளவில் உள்ளன. அவை பலர் எழுதியவை. இன்று மருத்துவ மாணவர்கள் சொல்வது பெரும்பாலும் காலத்துக்கேற்ப மாற்றிய வடிவம். நோயாளியின் வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லேன் என்ற பகுதி பழைய உறுதிமொழியிலேயே இருப்பது. அந்நூல்களில் வலிப்பு நோயைப் பற்றிய ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். தெய்வக் குற்றம் என்று மக்கள் அஞ்சிய அந்நோய் மற்ற நோய்களைவிடத் தெய்வத்தன்மை கொண்டதன்று, அது மூளையிலிருந்து வருவது என்று அந்நூலாசிரியர் வாதிடுகிறார்; மந்திரித்துப் பிழைப்போரைக் கடுமையாகச் சாடுகிறார். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கம் இன்றும் நம் தெருக்களில் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். இன்னொரு செய்தி: அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடித் துண்டுகளில் பல, இந்தக் கோஸ் தீவின் வகையைச் சேர்ந்தவை. கடல்நீர் கலந்து செய்யும் மதுவுக்கு அத்தீவு பெயர் பெற்றது.

பாகூர் வாசகர் ஒருவர்: இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய நூல்கள் இன்று வரை எப்படி வந்து சேர்ந்தன?

பதில்: பெரும்பகுதி வந்து சேரவில்லை. சோபோக்ளீஸ் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். முழுமையாக இருப்பவை ஏழு. நம் ஓலைச் சுவடிகளைப் போலவே பாப்பிரசும் சில தலைமுறைகளில் சிதையும். யாராவது அமர்ந்து படியெடுத்தால் மட்டுமே நூல் அடுத்த நூற்றாண்டைக் காணும். படியெடுக்க ஆள் இல்லாத நூல் அழிந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியிலும் காக்கப்படும் சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்த ஓலைகளை ஒரு முறை நேரில் பார்த்தால் இந்த வேலையின் அருமை விளங்கும்.

கிரேக்கரின் அறிவு நேராக ஐரோப்பாவுக்குச் சென்றது என்று பலர் நினைக்கிறார்கள். அது பல கைகளைக் கடந்தே சென்றது. கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தின் துறவிகளும் எழுத்தர்களும் கிரேக்க மொழியிலேயே படியெடுத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறித்தவ மருத்துவர், காலன் என்ற பண்டைய கிரேக்க மருத்துவர் முதலியோரின் மருத்துவ நூல்களைச் சிரியாக் மொழியிலும் அரபு மொழியிலும் பெயர்த்தார். ஒரே நூலின் பல சுவடிகளைத் தேடிச் சேர்த்து, ஒப்பிட்டுப் பாடம் திருத்திய பிறகே அவர் பெயர்க்கத் தொடங்குவார். நம் ஊரில் உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டை அறிந்தவர்கள் ஹுனைனை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். தாலமியின் வானியல் நூலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் ஜெரார்து என்பவர் அரபியிலிருந்து இலத்தீனுக்குக் கொண்டுவந்தார். அந்நூலை உலகம் இன்றும் அல்மகஸ்து என்று அதன் அரபுப் பெயரால்தான் அழைக்கிறது.

சில நூல்கள் தற்செயலாகத் தப்பின. ஆர்க்கிமிடீசின் நூல்களைக் கொண்ட பத்தாம் நூற்றாண்டுத் தோல் சுவடி ஒன்றைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுரண்டி, அதன் மேல் வழிபாட்டு நூலை எழுதிவிட்டார்கள். 1906-இல் ஹைபெர்க் என்ற டென்மார்க் அறிஞர் கான்ஸ்தாந்திநோபிளில் அந்த வழிபாட்டு வரிகளுக்கு அடியில் மங்கிக் கிடந்த கணிதத்தைப் படித்தெடுத்தார். மேலே முத்தியால்பேட்டை மாணவிக்கு எழுதிய பதிலில் ஏதென்ஸின் சீட்டு முறையைப் பற்றிச் சொன்னேன். அம்முறையை விரிவாக விளக்கும் நூல் அரிஸ்டாட்டிலின் பள்ளியில் எழுதப்பட்டுப் பல நூற்றாண்டுகள் காணாமற்போனது, 1891-இல்தான் அச்சேறியது. அது கிடைத்த எகிப்தியப் பாப்பிரசுச் சுருளின் ஒரு பக்கத்தில் ஒரு பண்ணையின் வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. கணக்கு முடிந்த பழைய தாளை வீணாக்காமல், அதன் பின்பக்கத்தில் யாரோ நால்வர் அந்நூலைப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள்.